அடுத்த ஸ்லைடு

சாமிநாதன் ரிமோட்டை அமுக்கினார். திரையில் உதித்துக்கொண்டிருந்த சூரியன் நகரவில்லை.

மறுபடி அமுக்கினார். இந்த முறை கூடவே இடுப்பையும் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தார். சூரியன் மசியவில்லை.

"சூரியோதயம் நல்லா இருக்கு," என்றார் மங்களம் அம்மாள். "எப்ப விடியும்?"

மங்களம் அம்மாள் பெங்களூர் அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஓர் அறக்கட்டளையின் தலைவி. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் நர்ஸிங் மாணவிகள் விடுதிக்கு வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர்கள் வேண்டும். அந்த வேலை யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். பக்கத்தில் பொருளாளர் ராஜேந்திரன், கழுத்தில் மப்ளரும் தொண்டையில் சளியுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம். புது லேப்டாப். கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்று சாமிநாதன் சிரித்துவிட்டு, பின்னால் நின்ற யூஜினிடம் உதடு அசையாமல் கேட்டார். "என்னய்யா ஆச்சு?"

"பூஜைக்கு முந்தின நாள் சூப்பரா ஓடிச்சே சார்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ரிமோட்டை யார் தொட்டா? ஸ்லைடு செய்யவே பத்து நாள் போச்சு."

கதிரொளி சோலார் நிறுவனத்தின் பெங்களூர் கிளை என்பது தொம்மலூரில் ஒரு மாடி அறை. அதில் மூன்று பேர். கிளை மேலாளர் சாமிநாதன். சர்வீஸ் எஞ்சினியர் யூஜின், உள்ளூர் மர்பி டவுன்காரன். மிச்ச எல்லா வேலைக்கும் டோரதி. கோயம்புத்தூர் தலைமை அலுவலகம் போன மாதம் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "தீபாவளிக்குள்ள ஒரு பெரிய ஆர்டர் பிடிங்க. இல்லேன்னா கிளையை மூடிட்டு நீங்க மட்டும் கிளம்பி வந்துடுங்க."

அந்த 'நீங்க மட்டும்' சாமிநாதனின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. யூஜினுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். டோரதியின் சம்பளத்தில் நாலு பேர் சாப்பிட்டார்கள்.

அப்படி இருக்கையில்தான் இந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு நாள் தானாகவே போன் வந்தது. சாமிநாதன் இவர்களிடம் போனதும் இல்லை, விளம்பரம் கொடுத்ததும் இல்லை. இத்தனை பெரிய கம்பெனிகள் இருக்க, நம் பெயர் எப்படிக் கிடைத்தது என்று அவருக்குப் புரியவில்லை. இன்றைக்கு அவர்களுடைய அல்சூர் ஆபீஸுக்கு வந்து பார்த்தால் வாசலில் வேறு எந்தக் கம்பெனிக்காரனையும் காணவில்லை.

"எல்லாம் ஆயுத பூஜை பலன் சார்," என்றான் யூஜின்.

பூஜையை சாமிநாதன் குறைவில்லாமல்தான் செய்திருந்தார். டெலிபோன், பிரிண்டர், கால்குலேட்டர், யூஜினின் ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தார். லேப்டாப்புக்கு மட்டும் நாலைந்து இடத்தில். ஒரே குறை, இருந்த கற்பூரம் தீர்ந்து, இன்னும் கொஞ்சம் வாங்கக் கீழே அனுப்பிய டோரதி முக்கால் மணி நேரம் கழித்து வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கற்பூரத்தையும் காணோம், அவள் துப்பட்டாவையும் காணோம். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "காரணம் எல்லாம் அப்புறம்மா, முதல்ல கற்பூரம்!" என்று சாமிநாதன் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

பூஜைப் பொட்டு தானாக உதிரும்வரை துடைக்கக்கூடாது என்பது சாமிநாதன் வீட்டு வழக்கம். ஆகவே லேப்டாப் இப்போதும் அறையின் நடுவே ஒரு ஸ்டூலில், புது மாப்பிள்ளை மாதிரி பொட்டும் பூச்சுமாக உட்கார்ந்திருந்தது.

"பூஜை போட்டிருக்கீங்க. நல்ல பழக்கம்," என்று ராஜேந்திரன் முதலிலேயே பாராட்டியிருந்தார்.

இந்த ரிமோட், லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகி வைக்கிற மெல்லிய அட்டை மாதிரியான சாமான். வந்ததும் வராததுமாக அதை உருவிக் காட்டி, "ஒயரே கிடையாது மேடம். நான் திரைகிட்ட நின்னு இங்க அமுக்குவேன், அது அங்க கேக்கும்," என்று சாமிநாதன் பெருமையடித்திருந்தார். இப்போது அது கேட்கவில்லை.

"எப்படிக் கேக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார் மங்களம் அம்மாள். தலைமை ஆசிரியைக்கு ஓய்வு இல்லை.

யூஜின் முன்னால் வந்தான். "இன்ஃப்ரா ரெட் மேடம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். டார்ச்சை எரிய விட்டு எரிய விட்டு அணைக்கிற மாதிரி இந்த ரிமோட் படபடன்னு சிமிட்டும். அது எப்படிச் சிமிட்டுதுன்னு பார்த்து லேப்டாப் புரிஞ்சுக்கும். 'அடுத்தது'ன்னா ஒரு சிமிட்டல், 'முந்தினது'ன்னா வேற சிமிட்டல். லேப்டாப்ல அதைப் பார்க்கறதுக்குன்னு ஒரு கண்ணு இருக்கு."

"எங்க இருக்கு கண்ணு?"

"முன்னாடிதான் எங்கயோ மேடம். கம்பெனிக்காரன் ஒளிச்சு வெச்சிருப்பான்."

சாமிநாதன் ரிமோட்டிலிருந்து பொத்தான் பேட்டரியை எடுத்து, பேன்ட்டில் தேய்த்து, ஊதி, திரும்பப் போட்டார். உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினார். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகம் வரை எந்த ரிமோட்டும் மதிக்கிற வைத்தியம் அது. இது மதிக்கவில்லை.

"இருங்க சார், ரிமோட் செத்துப்போச்சா இல்லையான்னு பார்த்துடலாம்." யூஜின் தன் புது செல்போனை எடுத்தான். கேமரா வைத்த போன். "நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமுக்குங்க."

சாமிநாதன் அமுக்கினார். போன் திரையில், ரிமோட்டின் மூக்கில் ஊதா வெளிச்சம் ஒன்று மினுக் மினுக்கென்றது.

"உயிர் இருக்கு!" என்றார் ராஜேந்திரன் எட்டிப் பார்த்து, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் போல. எல்லோரும் ஒருமுறை அமுக்கி, போனில் பார்த்து மகிழ்ந்தார்கள். சூரியன் மட்டும் உதித்தபடியே இருந்தது.

"அப்ப லேப்டாப்புக்குத்தான் பார்வை போச்சு," என்றார் மங்களம் அம்மாள். "ஏம்பா, கையாலயே அமுக்கக்கூடாதா?"

கூடும்தான். பெருமையடித்த வாய் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சாமிநாதன் யூஜினைத் தனியே இழுத்தார். "நீ லேப்டாப் பக்கத்துல உக்காரு. நான் லேசா தொண்டையைக் கனைப்பேன். கனைச்சா அடுத்த ஸ்லைடு. யாருக்கும் தெரியக்கூடாது."

"ஓக்கே சார்."

சாமிநாதன் ரிமோட்டை நீட்டிக் கனைத்தார். யூஜின் கீபோர்டைத் தட்டினான். சூரியன் போய், பளபளவென்று ஹீட்டர் தகடு வந்தது.

"பார்த்தீங்களா, கூச்சம் தெளிஞ்சுடுச்சு!" என்றார் சாமிநாதன். "மேடம், இந்தத் தகடுதான் வெயிலை—"

அப்போது ராஜேந்திரனுக்கு இருமல் வந்தது.

சாதாரண இருமல் இல்லை. வருடக்கணக்கில் குளிர்ச்சியான ஊரில் சேர்த்து வைத்த இருமல். கொக் கொக்கென்று ஆரம்பித்து அடுக்கடுக்காக ஏறியது. யூஜின் கடமை தவறாதவன். ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு தட்டு. தகடு போனது, தொட்டி வந்தது. தொட்டி போனது, குழாய் வந்தது. 'எங்கள் சர்வீஸ்' என்கிற ஸ்லைடு வந்தபோது ஹெர்பர்ட் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். ராஜேந்திரனுக்கு மூச்சு திரும்பியது. ஹெர்பர்ட் மங்களம் அம்மாளின் டிரைவர். வண்டி ஓடாத நேரத்தில் அறக்கட்டளையின் மற்ற எல்லாமும் அவர்தான்.

"நான் மூக்குக் கண்ணாடி போடறதுக்குள்ள ஹாஸ்டலையே கட்டி முடிச்சிட்டீங்க," என்றார் மங்களம் அம்மாள். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரையின் அடியைப் பார்த்தார். "ஆறில் ஐந்துன்னு போட்டிருக்கு. ஆறாவது எங்க?"

"வரும் மேடம். ரிமோட்லயே வரும்." சாமிநாதன் யூஜினை முறைத்தார். "கனைக்கறதுக்கும் இருமறதுக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா உனக்கு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். சார், இப்பத்தான் பிடிபட்டுது! ஜன்னலைப் பாருங்க. என்னா வெயில்! சூரிய வெளிச்சத்துலயும் இதே இன்ஃப்ரா ரெட் இருக்கு. அவ்வளவு பெரிய வெளிச்சத்துல நம்ம ரிமோட் சிமிட்டறது லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது. கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவுல காதுல ரகசியம் சொல்ற மாதிரி. ஜன்னல் ஸ்க்ரீனை ஸ்வல்ப நேரம் மூடிட்டா போதும்."

திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். அறை இருட்டானது.

"சூரியனை விக்க வந்தீங்க," என்று இருட்டுக்குள்ளிருந்து மங்களம் அம்மாள் குரல் வந்தது. "வந்து சூரியனுக்கே கதவைச் சாத்தறீங்க."

"ஒரே ஒரு நிமிஷம் மேடம்!"

அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஹெர்பர்ட் பாதாம் பால் தட்டோடு உள்ளே வந்தார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் யூஜின் லேப்டாப்பின் கண்ணைத் தேடிக் குனிந்தவன் நிமிர்ந்தான். டம்ளர்கள் உருளும் சத்தம் கேட்டது. "அய்யோ சாமி!" என்று யூஜின் கத்தினான். அது கடவுளையா, சாமிநாதனையா என்று தெரியவில்லை.

விளக்கைப் போட்டார்கள். கீபோர்டு முழுக்கப் பாதாம் பால். எழுத்துகளுக்கு நடுவே முந்திரித் துண்டுகள். யூஜின் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினான். 'பீப்' என்றது. இன்னொன்றைத் தட்டினான். அதுவும் 'பீப்'. விரலால் தடவுகிற பலகையும் வழுவழுவென்று இனித்ததே தவிர அசையவில்லை. திரையில் 'எங்கள் சர்வீஸ்' மட்டும் ஆணி அடித்தது போல நின்றது.

"இனிமே ரிமோட் ஒண்ணுதான் சார் கதி," என்றான் யூஜின்.

"பரவாயில்லைப்பா. கொட்டினது பால்தானே, நல்ல சகுனம்," என்று மங்களம் அம்மாள் டம்ளர் ஒன்றை நிமிர்த்தக் கை நீட்டினார். அதுவரை முந்தானைக்குள் இருந்த இடது கை வெளியே வந்தது. மணிக்கட்டில் பெரிய கட்டு.

"என்னம்மா இது, கையில?" என்று உண்மையான கவலையோடு கேட்டார் சாமிநாதன்.

"அதை ஏன் கேக்கறீங்க. ஆயுத பூஜை அன்னைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் நடுரோட்டுல பூசணிக்காயை உடைச்சுப் போட்டிருக்கான். காலை வெச்சேன். அவ்வளவுதான், வானம் தெரிஞ்சுது."

"அடடா!"

"யாரோ ஒரு பொண்ணு ஓடி வந்து தூக்கினா. இல்லேன்னா அங்கயே கிடந்திருப்பேன்."

"இவங்களை எல்லாம் பிடிச்சு உள்ள போடணும் மேடம்!" என்று சாமிநாதன் மேசையைத் தட்டினார். "எங்க, எந்தக் கோயில்கிட்ட?"

"தொம்மலூர்ல."

மேசையைத் தட்டிய கை மேசையிலேயே இருந்தது.

தொம்மலூர். நடுரோடு. பூசணிக்காய். மாடியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியது, மேலே கடைசிச் சூடம் எரிய மூன்று சுற்று சுற்றியது, ஓங்கிப் போட்டது, எல்லாம் சாமிநாதனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. "சார், ஓரமா தள்ளிடட்டுமா?" என்று டோரதி கேட்டாள். "உடைச்சதைத் தொடக்கூடாதும்மா, திருஷ்டி ஒட்டிக்கும்!" என்று அவர்தான் சொன்னார்.

அதைவிட மோசமான ஒன்று அடுத்ததாக ஞாபகம் வந்தது.

ஆறாவது ஸ்லைடு.

அதற்குத் தலைப்பு 'எங்கள் குடும்பம்'. யூஜினின் யோசனை. "ஒரு ஃபேமிலி ஃபீலிங் வரும் சார்," என்று தன் புது போனில் எடுத்த படத்தைப் போட்டிருந்தான். படத்தில் நடுரோட்டில் பூசணிக்காய் செக்கச்செவேலென்று சிதறிக் கிடக்கும். அதற்குப் பின்னால் வேட்டியோடு சாமிநாதன், இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டு, கொலை செய்த கையோடு போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி. தலைக்கு மேலே கம்பெனி போர்டு. ஓரத்தில் கோயில் கோபுரம்கூடப் பதிந்திருந்தது.

யூஜினின் முகத்தைப் பார்த்தார். அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"சரி, அதை விடுங்க," என்றார் மங்களம் அம்மாள். "ஆறாவது ஸ்லைடைக் காட்டுங்க."

"அது... அது ஒண்ணும் பெரிசா இல்ல மேடம். நன்றி, வணக்கம்னு போட்டிருக்கும்."

"இருக்கட்டும். பாதியில விடறது எனக்குப் பிடிக்காது. ஹெர்பர்ட், நம்மகிட்ட வேற ரிமோட் ஏதாவது இருக்கா?"

இதுவரை ரிமோட் வேலை செய்ய வேண்டுமே என்று அரை மணி நேரமாகத் தவித்தது சாமிநாதன் ஒருவர்தான். அவர் அதை நிறுத்திய நொடியில் மற்ற எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஹெர்பர்ட் டி.வி. ரிமோட்டைக் கொண்டு வந்தார். வாங்கிய அன்று போட்ட பிளாஸ்டிக் உறையோடு, ரப்பர் பேண்டு சுற்றி. ராஜேந்திரன் ஏ.சி. ரிமோட்டை எடுத்து வந்தார்.

"எல்லாம் ஒரே வெளிச்சம்தானே? எதுக்காவது கேக்காமலா போகும்?" என்று இரண்டையும் லேப்டாப்பை நோக்கி நீட்டினார்.

"வெளிச்சம் ஒண்ணுதான் சார், சிமிட்டறது வேற வேற," என்று யூஜின் பதறினான். "டி.வி. ரிமோட் பேசறது லேப்டாப்புக்குப் புரியாது. எங்க தெருவுல கன்னடம், தமிழ், உருது எல்லாம் பேசற மாதிரி. எங்களுக்கு எல்லாம் புரியும். இதுங்களுக்கு அவ்வளவு அறிவு கிடையாது."

ராஜேந்திரன் அதற்குள் அமுக்கிவிட்டார். மூலையில் டி.வி. உயிர் பெற்று, கன்னட சீரியலில் ஒரு மருமகள் ஓவென்று அழுதாள். ஏ.சி. பதினாறு டிகிரிக்குப் போனது. ராஜேந்திரனுக்கு இருமல் திரும்பி வந்தது. யூஜின் பழக்க தோஷத்தில் செத்த கீபோர்டைத் தட்டினான். 'பீப்'.

"நேரா காட்டணும் போல," என்று மங்களம் அம்மாள் எழுந்தார். "கொடுங்க இப்படி. நீங்க மூக்கு மேல கட்டை விரலை வெச்சு மறைக்கறீங்க."

உண்மைதான். சாமிநாதன் கடந்த ஐந்து நிமிடமாக அப்படித்தான் பிடித்திருந்தார்.

மங்களம் அம்மாள் ரிமோட்டை வாங்கிக்கொண்டு லேப்டாப்புக்கு எதிரே போய் நின்றார். சாமிநாதன் நடுவில் போய் நின்றார்.

"நகருங்க."

"மேடம், உங்க கை வலிக்கும்."

"வலது கை நல்லாத்தான் இருக்கு. ஸ்வல்ப நகருங்க."

சாமிநாதன் ஒரு அடி நகர்ந்தார். அவர் போட்டிருந்த கோட்டு நகரவில்லை. கோட்டின் ஒரு பக்கத்தைக் கோழி இறக்கை மாதிரி விரித்து லேப்டாப்பை மறைத்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"வெயில் மேடம். வெயில் படாம..."

"ஸ்க்ரீனைத்தான் மூடியாச்சே."

அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சாமிநாதன் விலகினார். கண்களை மூடிக்கொண்டார். டோரதியின் வீடு, யூஜினின் நிச்சயதார்த்தம், கோயம்புத்தூர் பஸ், எல்லாம் இமைக்குள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஸ்லைடு.

மங்களம் அம்மாள் அமுக்கினார். ஒருமுறை. இன்னொருமுறை. குனிந்து, லேப்டாப்பின் முகத்துக்கு நேரே பிடித்து இன்னும் ரெண்டு முறை.

சாமிநாதன் ஒரு கண்ணைத் திறந்தார். 'எங்கள் சர்வீஸ்'.

அப்படி ஒரு நன்றி அவருக்கு வாழ்க்கையில் எதன் மேலும் வந்ததில்லை. ரிமோட்டைக் கெடுத்த கைக்கு நன்றி. பாதாம் பாலுக்கு நன்றி. ராஜேந்திரனின் இருமல் ஒன்று குறைவாக வந்ததற்கு நன்றி. இன்னும் ஒரே ஒரு 'கொக்' கூடுதலாக வந்திருந்தால்!

அந்தத் தெம்பில் அவர் ஒரு காரியம் செய்தார். விறுவிறுவென்று போய்த் திரைச்சீலைகளைத் திறந்துவிட்டார். அல்சூர் வெயில் அறை முழுக்கக் கொட்டியது.

"இதுதான் மேடம் ஆறாவது ஸ்லைடு," என்றார். "இதைக் காட்ட ரிமோட் வேண்டாம்."

மங்களம் அம்மாள் உட்கார்ந்தார். சாமிநாதன் பேசினார். தலைமை அலுவலகம் எழுதிக் கொடுத்தது ஒன்றும் இப்போது அவருக்கு ஞாபகம் இல்லை.

"நைட் டியூட்டி முடிச்சு அந்தப் பொண்ணுங்க காலைல வருவாங்க. ராத்திரி பூரா யாரோ ஒருத்தருக்குக் கழுவி விட்டிருப்பாங்க, துடைச்சு விட்டிருப்பாங்க. வந்ததும் ரெண்டு சொம்பு வெந்நீர் ஊத்திக்கிட்டாத்தான் தூக்கம் வரும். நம்ம ஊர்ல அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். டிசம்பர்ல பச்சைத் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். முந்தின நாள் வெயிலைப் பிடிச்சுத் தொட்டியில வெச்சிருந்தா, கரண்டைப் பத்திக் கவலை இல்ல."

"மழைக்காலத்துல?" என்றார் ராஜேந்திரன்.

"விடாம மூணு நாள் மேகம் மூடிச்சுன்னா தண்ணி ஆறிடும் சார். பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்குக் கரண்ட் வேணும். அதுவும் இல்லேன்னா எனக்குப் போன் பண்ணுங்க. யூஜின் வருவான். அவன் வந்தா வெந்நீர் வருமான்னு கேக்காதீங்க. ஆனா அவன் வருவான்."

யூஜின் தலையை ஆட்டினான்.

மங்களம் அம்மாள் சிரித்தார். ராஜேந்திரனைப் பார்த்தார். ராஜேந்திரன் இருமலோடு தலையசைத்தார்.

"வேலையை ஆரம்பிங்க," என்றார் மங்களம் அம்மாள். "தீபாவளிக்கு முன்னாடி மாடிக்குத் தொட்டி ஏறணும்."

சாமிநாதனின் கைகள் தானாகக் கூப்பிக்கொண்டன.

"ஒரு விஷயம்," என்றார் மங்களம் அம்மாள். "ஸ்கூல்ல ஜன்னல் கண்ணாடி உடைஞ்சா, யார் உடைச்சதுன்னு நான் கேக்கவே மாட்டேன். சும்மா உக்காந்து காத்திருப்பேன். உடைச்ச பொண்ணே எழுந்து நிக்கும்." அவர் சாமிநாதனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

சாமிநாதன் யோசித்தார். "வந்து... பாதாம் பால் ரொம்ப நல்லா இருந்தது மேடம்."

"நீங்க குடிக்கவே இல்லையே."

"வாசனையே போதும் மேடம்."

வெளியே வந்து, மரத்தடியில் நிறுத்தியிருந்த பைக்கின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து யூஜின் துடைக்க ஆரம்பித்தான். சாமிநாதன் மரத்தில் சாய்ந்து நின்று, மூச்சை முழுதாக விட்டார்.

"டோரதிக்குப் போன் போட்டுச் சொல்லு. கிளை தப்பிச்சுதுன்னு."

"சொல்றேன் சார். பாலு ஓரமெல்லாம் வழிஞ்சிருக்கு..." யூஜின் லேப்டாப்பின் முன் விளிம்பைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தான். சந்தனமும் குங்குமமும் காய்ந்த ஒரு பொட்டு பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில், கருஞ்சிவப்பாக ஒரு சின்னக் கண்ணாடி பளபளத்தது.

யூஜின் அதையே பார்த்தான். பிறகு ரிமோட்டை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினான்.

'எங்கள் குடும்பம்' வந்தது. சிதறிய பூசணிக்காயும், சிரிக்கிற சாமிநாதனும்.

"சார்... இதான் சார் கண்ணு. கண்ணு மேலயே பொட்டு வெச்சிருக்கு. யார் சார் வெச்சது?"

சாமிநாதனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சிவப்பாக, சின்னதாக, சரியாக நெற்றி நடுவில் இருப்பது போல ஓர் இடம். பொட்டு வைக்கவே செய்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கட்டை விரலால் அழுத்தி வைத்தார்.

"நான்தான்யா," என்றார். "பார்த்தியா? நம்பி வெச்சேன், கைவிடலை. அந்தப் பொட்டு மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நாம எல்லாம் எங்க இருப்போம்?" லேப்டாப்பை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லவேளை, அந்த அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சு."

"சார்! இருங்க சார்!"

ஹெர்பர்ட் ஓடி வந்துகொண்டிருந்தார். சாமிநாதன் லேப்டாப்பை டப்பென்று மூடி, அதன் மேலேயே கையூன்றிச் சிரித்தார்.

ஹெர்பர்ட் ஒரு காகிதப் பையை நீட்டினார். "டோரதி மேடம்கிட்ட இதைக் கொடுத்துடுங்க."

உள்ளே, துவைத்து இஸ்திரி போட்ட பச்சைத் துப்பட்டா ஒன்று இருந்தது.

"இது... டோரதி... உங்களுக்கு எப்படி?" என்றார் சாமிநாதன்.

"அன்னைக்கு உங்க ஆபீஸ் வாசல்ல அம்மா விழுந்தப்ப அவங்கதானே சார் ஓடி வந்தது. இதை அம்மா கையில கட்டி, கழுத்துல தூளி மாதிரி மாட்டிவிட்டு, நான் வண்டி எடுத்துட்டு வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அம்மா அப்பவே மேல நிமிர்ந்து உங்க போர்டைப் படிச்சாங்க. ஹாஸ்டலுக்கு ஹீட்டர்னதும் வேற யாரையும் கூப்பிட வேண்டாம்னுட்டாங்க."

சாமிநாதன் பையின் வாயை மடித்துப் பத்திரமாகக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

ஹெர்பர்ட் நாலடி போய், ஏதோ மறந்தவர் போலத் திரும்பினார்.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க சார். அடுத்த வருஷம் பூசணிக்காயை மட்டும் ஸ்வல்ப ஓரமா உடைப்பீங்களாம்."